தார்ப் பாலையில் தனிவழிப் பயணம்

தமிழ் மரபு நிலத்தை ஐந்திணைகளாகப் பகுத்தது. ஆயினும் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் ஆகிய நான்கிற்கும் நிலம் வகுத்த தொல்காப்பியர், பாலைக்கென்று தனியாக ஒரு நிலத்தைச் சுட்டவில்லை. முல்லையும் குறிஞ்சியும் கடுங்கோடையில் தம் இயல்பு திரிந்து பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். நீரை இழந்தால் எந்த நிலமும் பாலையாகலாம் என்பதே இதன் உட்பொருள்.

குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றுப் படுகையில் வாழும் நமக்கு இவ்விளக்கம் ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. மழைக்காலத்துச் சில நாட்கள் நீங்கலாக ஆண்டின் பெரும்பகுதி நம் கண்முன் கிடப்பது ஆற்று மணலே. அப்படியானால் உண்மையான பாலைவனம் எப்படியிருக்கும்? அங்கும் மக்கள் வாழ்கின்றார்களே, அவர்கள் எந்த நீரை நம்பி வாழ்கின்றனர்? நெடுநாள் மனத்திலிருந்த இக்கேள்விகளுடன், சென்ற குளிர்காலத்தில் தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு குஜராத்தின் சின்ன ரண் சரணாலயத்திற்கும், ராஜஸ்தானின் பாலைவனத் தேசியப் பூங்காவிற்கும் சென்று, அனுமதிக்கப்பட்ட இடங்களில் கால்நடையாகச் சுற்றி வந்தேன். அங்கே கண்டவற்றையும் கேட்டவற்றையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

புறப்பாடும் பாதையும்

தார்ப் பாலைவனத்திற்குச் செல்ல ஏற்ற காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. கோடையில் அங்கே வெப்பம் 45 டிகிரியைத் தாண்டும். அப்போது நடைப்பயணம் என்ற எண்ணமே ஆபத்தானது. குளிர்காலத்திலோ பகல் இதமாக இருக்கும்; இரவில் வெப்பநிலை 10 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும். ஆகவே பாலைவனத்திற்குப் புறப்படுகிறவன் முதலில் எடுத்து வைக்க வேண்டியது கம்பளிப் போர்வை என்று சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள்.

"தனியாகவா போகிறாய்?" என்று என் தாயார் கேட்டார். இரவில் தனித்துப் பயணம் செய்வதை நபிமொழி விரும்பவில்லை என்பதை நினைவூட்டினார். அதையே பயணத்தின் முதல் விதியாக ஏற்றுக்கொண்டேன். மஃக்ரிப் நேரத்திற்குள் அன்றைய ஓட்டத்தை முடிப்பது, தங்குமிடத்தை அடைந்ததும் வீட்டிற்குத் தொலைபேசியில் தகவல் சொல்வது என்ற இரண்டு கட்டுப்பாடுகளும் கடைசி நாள் வரை தவறவில்லை.

பேரணாம்பட்டு மலைப்பாதையில் ஏறி, வி.கோட்டை, முல்பாகல், கோலார் வழியாகப் பெங்களூரை அடைந்தால், அங்கிருந்து பெருநெடுஞ்சாலை. சித்ரதுர்கா, ஹூப்ளி, பெல்காம், கோலாப்பூர், புனே, சூரத், வதோதரா என்று நகரங்களைக் கடந்து அகமதாபாத் வரை அதே சாலை இட்டுச் செல்லும். நம் பள்ளிகொண்டாவையும் ஆம்பூரையும் ஒட்டிச் செல்லும் 48ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைதான் அது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். சென்னையில் தொடங்கும் அச்சாலை அகமதாபாத், உதய்ப்பூர், ஜெய்ப்பூர் வழியாக டில்லியில் முடிகிறது. குடியாத்தத்திலிருந்து ஜெய்சல்மேர் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. அவசரப்படாமல் ஓட்டினால் செல்வதற்கே ஐந்து நாட்கள் வேண்டும்.

வழிநெடுக நிலம் மெல்ல மெல்ல மாறுவதைக் காண்பது ஒரு பாடம். மைசூர்ப் பீடபூமியின் ராகி வயல்கள், கிருஷ்ணை ஆற்றுப் பகுதியின் கரும்புத் தோட்டங்கள், குஜராத்தின் பருத்தி நிலங்கள் எனப் பசுமை ஒவ்வொரு படியாகக் குறைந்து, அகமதாபாத்துக்கு மேற்கே வீரம்காம் நகரைக் கடந்ததும் முள் மரங்களும் வெண்ணிறத் தரையும் தொடங்குகின்றன.

உப்புப் பாலை

அகமதாபாத்திலிருந்து சுமார் 100 கி.மீ. தொலைவில் உள்ளது ஜைனாபாத் என்னும் சிற்றூர். சின்ன ரண் எனப்படும் உப்புப் பாலைக்கு இதுவும் ஒரு நுழைவாயில். ஒரு காலத்தில் கடலின் கரமாக இருந்து, பின்னர் மண் நிரம்பி மேடான நிலம் இது. மழைக்காலத்தில் ஆற்று வெள்ளமும் கடல் நீரும் புகுந்து முழுவதும் நீர்ப்பரப்பாகிவிடும். அப்போது ஆங்காங்கே உயர்ந்து நிற்கும் மேடுகள் மட்டும் தீவுகளாய் விளங்கும். அவற்றை அங்குள்ளோர் 'பேட்' என்கின்றனர். மழை நின்று நீர் வற்றியபின் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெடித்துக் காய்ந்த சேற்று நிலமே காட்சி தரும். கல்லில்லை, மரமில்லை, நிழலில்லை.

அந்தச் சமவெளியில் நடுப்பகலில் நின்றால் நாற்புறமும் ஏரி சூழ்ந்திருப்பது போலத் தோன்றும். அதுவே கானல் நீர். தரையை ஒட்டிய காற்று மிகுதியாகச் சூடேறுவதால் ஒளிக்கதிர்கள் வளைந்து, வானத்தின் பிம்பம் தரையில் விழுவது போன்ற மயக்கம் உண்டாகிறது. வழிகாட்டி இல்லாமல் உள்ளே சென்றவர் திசை தவறுவது எளிது. எல்லாத் திசையும் ஒன்றுபோலவே இருக்கும். வனத்துறை அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் இன்றி எவரும் அங்கே செல்லலாகாது.

இவ்வுப்புப் பாலையில் வாழும் அரிய விலங்கு இந்தியக் காட்டுக்கழுதை. மங்கிய செம்மண் நிறமும் வெண்ணிற வயிறும் கொண்டது. மணிக்கு 70 கி.மீ. வேகம் வரை ஓட வல்லது. 1960களில் கொள்ளை நோய்களால் இவ்வினம் சில நூறு என்ற அளவிற்குக் குறைந்து, அழியும் நிலையை எட்டியது. 1970களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 5,000 சதுர கிலோமீட்டர் பரப்பு சரணாலயமாக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இவற்றின் எண்ணிக்கை 7,672 எனத் தெரியவந்தது. மனிதன் சற்று ஒதுங்கி நின்று இடம் கொடுத்தால் ஓர் உயிரினம் எப்படி மீளும் என்பதற்கு இது நல்ல சான்று.

காட்டுக்கழுதைகளைக் காட்டிலும் என் மனத்தில் ஆழப் பதிந்தோர் அங்கு உப்பு விளைவிக்கும் அகரியா மக்கள். மழை ஓய்ந்ததும் குடும்பத்தோடு ரண்ணுக்குள் வந்து, கோடை முடியும் வரை குடிசை அமைத்துத் தங்கி, நிலத்தடியிலுள்ள உவர் நீரை இறைத்துப் பாத்திகளில் பாய்ச்சிப் படிக உப்பு எடுக்கின்றனர். அண்மை ஆண்டுகளில் டீசல் எஞ்சின்களுக்குப் பதிலாகச் சூரிய ஒளியால் இயங்கும் பம்புகள் பல பாத்திகளில் வந்துவிட்டன. ஆனால் குடிநீர் மட்டும் வெளியிலிருந்து டேங்கர் லாரியில்தான் வர வேண்டும். நான் சென்ற குடிசையில் ஒரு மூதாட்டி தேநீருக்காகப் பாத்திரத்தில் நீர் ஊற்றிய விதத்தை மறக்க இயலாது. மருந்து அளப்பது போல் அளந்து ஊற்றினார். கழுவிய குவளையின் நீரைக்கூட மண்ணில் கொட்டாமல் வேறொரு பாத்திரத்தில் சேர்த்தார்.

தோல் வணிகக் குடும்பத்தில் பிறந்தவனுக்கு உப்பு புதிதன்று. அறுத்த ஆட்டின் தோலும் மாட்டின் தோலும் அழுகாமல் ஊர் வந்து சேர்வது உப்பினால்தான். தோலின் எடையில் மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரை உப்பிட்டு அடுக்குவது வழக்கம். அந்த உப்பு முழுவதும் பின்னர் ஆலையில் கழுவப்பட்டு நீரோடு வெளியேற வேண்டியதே. அகரியா மக்கள் நிலத்தடி உவர் நீரிலிருந்து உப்பைப் பிரித்தெடுக்கின்றனர். நாமோ உப்பை நிலத்தடி நன்னீரோடு கலந்துவிட்டோம். அக்குடிசையின் வாயிலில் அமர்ந்து தேநீர் அருந்தியபோது இந்த நினைவு வந்து நெஞ்சை உறுத்தியது.

மணல் மட்டுமா பாலை?

ராதன்பூர், சாஞ்சோர், பார்மேர் வழியாக வடக்கே சென்றால் ஜெய்சல்மேர். பொன்னிறக் கல்லால் கட்டப்பட்ட அந்நகருக்கு அப்பால் விரிந்திருப்பது பாலைவனத் தேசியப் பூங்கா. 1980இல் அறிவிக்கப்பட்ட இதன் பரப்பு 3,162 சதுர கிலோமீட்டர். ஜெய்சல்மேர், பார்மேர் ஆகிய இரு மாவட்டங்களிலும் இது பரவியுள்ளது. பெயர் தேசியப் பூங்கா எனினும் சட்டப்படி இது வனவிலங்குச் சரணாலயமே. எழுபதுக்கும் மேற்பட்ட கிராமங்கள் இதன் உள்ளே இருக்கின்றன.

பாலைவனம் என்றதும் அலையலையாய் மணல் மேடுகளையே கற்பனை செய்கிறோம். இப்பூங்காவில் மணற்குன்றுகள் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே. எஞ்சியவை கல்லாந்தரை, சரளை நிலம், உப்பேரிப் படுகை, புல்வெளி. சேவண் என்னும் புல் இப்பாலையின் உயிர்நாடி. கால்நடைகளுக்கு அதுவே தீவனம். மணலைப் பிடித்து நிறுத்துவதும் அதுவே. ஃபோக் என்னும் இலையற்ற புதரும், நமக்கு நன்கு தெரிந்த எருக்கும் எங்கும் காணப்படுகின்றன. அங்குள்ளோர் உயிரினும் மேலாகப் போற்றும் கேஜ்ரி மரம் நம் ஊர்களில் வன்னி எனப்படும் மரமேயாகும். அதன் இலை ஆட்டுக்கு உணவு. இளங்காய் மனிதனுக்குக் கறி. காயை உலர்த்தி வைத்து, கேர் என்னும் காட்டுக் காயோடு சேர்த்துச் சமைக்கின்றனர். காய்கறியே விளையாத மாதங்களிலும் அவர்கள் வீட்டில் கறி உண்டு.

சாம், கூரி ஆகிய ஊர்களை அடுத்து மணற்குன்றுகள் உள்ளன. சாமில் சுற்றுலாக் கூட்டமும் ஜீப்புகளின் இரைச்சலும் அதிகம். ஆகவே கூரியில் தங்கி விடியற்காலையில் நடந்தேன். மணற்குன்றில் ஏறுவதற்கு ஒரு முறை இருக்கிறது. காற்று வீசும் பக்கம் சரிவு மெதுவாகவும் மணல் இறுகியும் இருக்கும். அவ்வழியே ஏற வேண்டும். மறுபக்கம் ஏறத்தாழ 34 டிகிரிச் சாய்வில் மணல் தளர்ந்து நிற்கும். ஓரடி வைத்தால் அரையடி பின்னோக்கிச் சறுக்கும். வழிகாட்டியாக வந்த இளைஞர் இதை விளக்கிக்கொண்டே செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி எளிதாக ஏறினார்.

விடியற்காலை மணல் ஒரு நாளேடு போன்றது. இரவில் நடந்தவை யாவும் அதில் எழுதப்பட்டிருக்கும். வண்டின் கால்கள் இட்ட புள்ளிக்கோலம், பாலை நரியின் நேரான தடம், பக்கவாட்டில் வளைந்து சென்ற பாம்பின் கோடுகள் ஆகியவற்றை அவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். அக்கோடுகள் சுருட்டை விரியனுடையவை. நம் மாவட்டத்துக் கற்பாறை நிலங்களிலும் இருக்கும் அதே நச்சுப்பாம்புதான். செதில்களை ஒன்றோடொன்று உரசி வாள் அறுப்பது போன்ற ஓசை எழுப்பும். இருட்டில் டார்ச் விளக்கின்றி ஓரடியும் வைக்காதீர்கள் என்று அவர் எச்சரித்தார்.

ஜெய்சல்மேரிலிருந்து பார்மேர் செல்லும் சாலையில் 17 கி.மீ. தொலைவில் ஆகல் என்னுமிடத்தில் கல்மரப் பூங்கா உள்ளது. ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே நின்ற பெருமரங்கள் கல்லாய் உறைந்து கிடக்கின்றன. இன்று புல்லுக்கும் தவிக்கும் நிலம் அன்று செழுங்காடாக இருந்திருக்கிறது. நிலம் தன் இயல்பு திரியும் என்று முன்னோர் சொன்னதற்கு இதைவிடப் பழைய சாட்சி வேறென்ன வேண்டும்?

கானமயிலின் கதி

இப்பூங்கா அமைக்கப்பட்டதன் தலையாய நோக்கம் கானமயிலைக் காப்பது. ஒரு மீட்டர் உயரமும், ஆண் பறவையாயின் 15 கிலோ வரை எடையும் கொண்ட பெரும் பறவை இது. வெறுந்தரையில் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை இடும். ஒரு காலத்தில் தக்காணப் புல்வெளிகள் வரை பரவியிருந்தது. இன்றோ உலகிலேயே ஏறத்தாழ நூற்றைம்பது மட்டுமே எஞ்சியுள்ளன எனக் கணிக்கப்படுகிறது. அவற்றுள் பெரும்பாலானவை இப்பகுதியில் வாழ்பவை.

பறவையியல் அறிஞர் சாலிம் அலியை நம் வாசகர்கள் அறிவார்கள். 1896இல் மும்பையில் ஒரு போரா முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்து, தாய்மாமன் வீட்டில் வளர்ந்து, நாடெங்கும் நடந்தே பறவைகளை ஆராய்ந்த பெருந்தகை. கச்சுப் பகுதியின் பறவைகள் பற்றி 1945இலேயே நூல் வெளியிட்டவர். கானமயிலையே இந்தியாவின் தேசியப் பறவையாக்க வேண்டும் என்று அவர் வாதிட்டார். 1963இல் அப்பெருமை மயிலுக்குச் சென்றது. கானமயில் ராஜஸ்தானின் மாநிலப் பறவையாயிற்று.

வேட்டையும் புல்வெளி அழிவும் ஒருபுறமிருக்க, இன்று இதற்குப் பெரும் எமனாக இருப்பவை உயர் அழுத்த மின்கம்பிகள். கானமயிலுக்குப் பக்கவாட்டுப் பார்வை உண்டு; நேர் எதிரே உள்ளதைக் காணும் ஆற்றல் குறைவு. உடலும் கனமானது, கடைசி நொடியில் விலக முடியாது. பாலைவெளியில் காற்றாலைகளும் சூரிய மின் நிலையங்களும் பெருகப் பெருகக் கம்பிகளும் பெருகின. கம்பிகளை மண்ணுக்கடியில் பதிக்குமாறு 2021இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. நடைமுறைச் சிக்கல்கள் எடுத்துரைக்கப்பட்டதால் 2024இல் அவ்வாணையைத் திருத்தி, நிபுணர் குழுவொன்றை அமைத்தது. சாமிலும் ராம்தேவ்ராவிலும் இனப்பெருக்க நிலையங்கள் செயல்படுகின்றன. 2024 அக்டோபரில் செயற்கைக் கருவூட்டல் முறையில் கானமயில் குஞ்சு ஒன்று முதன்முறையாகப் பொரிந்தது.

சுதாசரி என்னும் வேலியிட்ட புல்வெளியில் வனக்காவலர் துணையோடு அரைநாள் காத்திருந்தேன். சிங்காரா மான்களும், முள்வால் பல்லிகளும், வட்டமிடும் கழுகுகளும் தெரிந்தன. மாலை சாயும் வேளையில் சேவண் புல்லுக்கு மேலே ஒரு நீண்ட வெண்கழுத்து எழுந்தது. இருபது எண்ணுவதற்குள் மீண்டும் தாழ்ந்து மறைந்தது. அவ்வளவுதான் கண்டது. நம் பேரப்பிள்ளைகளுக்கு அதுவும் கிட்டுமா என்ற கேள்வியோடு திரும்பினேன்.

ஆட்டுத் தோலில் எழும் இசை

ஜெய்சல்மேர் வட்டாரத்தில் மாங்கணியார் என்னும் முஸ்லிம் இசைக்குடியினர் வாழ்கின்றனர். தலைமுறை தலைமுறையாக ராஜபுத்திரக் குடும்பங்களின் பிறப்பு, திருமணம் முதலிய நிகழ்ச்சிகளில் பாடுவது இவர்தம் தொழில். புரவலர் குடும்பத்தின் வம்சாவளியையும் இவர்களே மனப்பாடமாகக் காத்து வருகின்றனர். சமயம் வேறாயினும் வாழ்க்கை பின்னிப் பிணைந்திருக்கும் இவ்வுறவு, எளிதில் காணக் கிடைக்காத ஒன்று.

இவர்களின் தலைசிறந்த வாத்தியம் கமாய்ச்சா. மாமரத்தைக் குடைந்து, அதன் வாயில் ஆட்டுத் தோல் போர்த்தி, வில்லால் இசைப்பது. ஹமீரா என்னும் சிற்றூரைச் சேர்ந்த சாகர்கான் இவ்வாத்தியத்தின் மாமேதை. 2012இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2013இல் மறைந்தார். நான் தங்கிய ஊரில் ஒரு முதியவர் கமாய்ச்சா வாசித்தார். போர்த்திய தோலைத் தொட்டுப் பார்க்க அனுமதி கேட்டேன். காகிதம் போன்று மெல்லியதாய், ஒரே சீராய் இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. "எங்கள் ஊரில் இந்தத் தோலால் காலணி செய்கிறோம்" என்றேன். "அதுவும் நடக்கத்தானே, பேட்டா! இதுவும் நடக்கத்தான். இராகம் நடக்கிறது" என்று சொல்லிச் சிரித்தார்.

மூவகை நீர்

இப்பயணத்தின் உயிரான பகுதிக்கு வருகிறேன். ஜெய்சல்மேரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 200 மி.மீ.க்கும் குறைவு. நம் வேலூர் வட்டாரத்தில் சுமார் 900 மி.மீ. பெய்கிறது. நம்மில் நான்கிலொரு பங்கு மழையும் இல்லாத நாட்டில் நூற்றாண்டுகளாக நகரங்களும் கிராமங்களும் நிலைத்திருக்கின்றன. எப்படி?

மழைத்துளி விழும் இடத்திலேயே அதைப் பிடிக்கும் கலையை அவர்கள் வளர்த்துக்கொண்டனர். வீட்டு முற்றத்தையும் வயல் ஓரத்தையும் சரிவாக அமைத்து, சுண்ணாம்பு பூசிய நிலத்தடித் தொட்டியில் நீரைச் சேர்ப்பது 'டாங்கா'. தொட்டிக்கு மூடி உண்டு. நீர் வந்து சேரும் தரையில் செருப்போடு எவரும் நடப்பதில்லை. பாறைச் சரிவின் அடியில் நீண்ட மண்கரை எழுப்பி மழைநீரைத் தேக்கி, அது மண்ணில் ஊறி வற்றியபின் அந்த ஈரத்தைக் கொண்டே கோதுமையும் கடலையும் விதைப்பது 'கடீன்'. பாலிவால் என்னும் குடியினர் பதினைந்தாம் நூற்றாண்டு முதல் வளர்த்த முறை இது. அவர்கள் கைவிட்டுச் சென்ற குல்தரா போன்ற ஊர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் பாழடைந்து கிடக்கின்றன. அவர்கள் கட்டிய கடீன்கள் பலவற்றில் இன்றும் பயிர் விளைகிறது. ஊர்ப் பொதுவான மேய்ச்சற் காடுகளுக்கு 'ஓரண்' என்று பெயர். அங்கே மரத்தை வெட்டுவதில்லை என்பது எழுதாச் சட்டம்.

அனுபம் மிஸ்ரா என்னும் காந்தியச் சிந்தனையாளர் ராஜஸ்தானின் நீர் மரபு பற்றி இந்தியில் எழுதிய நூல் 1995இல் வெளிவந்தது. அதில் அவர் விளக்கியிருக்கும் ஒரு செய்தியை, கூரிக்கு அருகே ஒட்டகம் மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் வாயிலாகவே நேரில் கேட்கும் பேறு கிட்டியது. பாலைவாசிகள் நீரை மூன்றாகப் பகுக்கின்றனர். வானிலிருந்து நேரே விழுந்து, குளத்திலும் தொட்டியிலும் சேர்வது முதல் வகை. மண்ணுக்குள் இறங்கியும் ஆழத்திற்குப் போகாமல், இடையிலுள்ள களிக்கல் படலத்தால் தடுக்கப்பட்டு ஈரமாய் நிற்பது இரண்டாம் வகை. அதன் பெயர் 'ரேஜாணி பானி'. குறுகிய ஊற்றுக்கிணறு தோண்டி அதைச் சொட்டுச் சொட்டாக எடுக்கின்றனர். ஆழ்கிணற்றில் கிடைக்கும் உவர் நீர் மூன்றாவது. அது 'பாதாள பானி'.

முதல் வகையின் பெயர் என்ன தெரியுமா? 'பாலர் பானி'.

அச்சொல்லைக் கேட்டதும் திகைத்து, "சாச்சா, எங்கள் ஆற்றின் பெயரும் பாலாறுதான்" என்றேன். பெரியவர் முகம் மலர்ந்தது. "பாலர் எங்களுக்குக் குடம் குடமாகத்தான் கிடைக்கும். உங்களுக்கு அது ஆறாகவே ஓடுகிறதா, பேட்டா? அல்லாஹ் உங்களுக்கு அள்ளிக் கொடுத்திருக்கிறான்!" என்றார். இரு சொற்களுக்கும் பொருள் வேறு. பிறந்த மொழியும் வேறு. எனினும் அவருக்கு மறுமொழி கூற என்னிடம் சொல் இல்லை. அவர் தம் தோற்குடுவையைச் சாய்த்து என் கையில் சிறிது நீர் வார்த்தார். தண்ணென்று இருந்தது.

அன்று லுஹர் வேளையில் அவர் மணலில் தயம்மும் செய்து தொழுததைக் கண்டேன். குடுவையில் நீர் இருந்தது. ஆனால் அது மாலை வரை தமக்கும், தம்மோடு இருந்த சிறுவனுக்கும் தாகம் தீர்க்க வேண்டிய நீர். குடிநீருக்கே தட்டுப்பாடு எனில் தூய மண் போதும் என்ற மார்க்கச் சலுகையின் அருமை பாலையில்தான் முழுமையாகப் புரிகிறது.

தனியே செல்வோர் கவனத்திற்கு

இத்தகைய பயணத்தை விரும்பும் இளைஞர்களுக்குச் சில குறிப்புகள். நடக்கும் நாளில் ஆளுக்கு நான்கு லிட்டருக்குக் குறையாமல் குடிநீர் எடுத்துச் செல்ல வேண்டும். தாகம் எடுக்கும் வரை காத்திராமல் சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் கைவசம் இருக்கட்டும். காலை பத்து மணிக்குள்ளும் மாலை நான்கிற்குப் பின்னும் நடப்பது நல்லது. முழுக்கை சட்டையும், கழுத்தை மூடும் துணியும், கணுக்கால் மறைக்கும் காலணியும் அவசியம். காரில் உபரிச் சக்கரம், காற்றடிக்கும் கருவி, மண்வெட்டி, இழுவைக் கயிறு ஆகியன இருக்க வேண்டும். மணலில் சக்கரம் புதைந்தால் வேகத்தைக் கூட்டாதீர்கள். மேலும் ஆழமாகப் புதையும். டயரின் காற்றைச் சிறிது குறைத்து, முன்னே உள்ள மணலை அகற்றி, மெதுவாக நகர்த்துங்கள். வண்டி பழுதானால் அதை விட்டு நடந்து செல்லக் கூடாது. நிழலும் அடையாளமும் தருவது வண்டியே. மேற்கே சர்வதேச எல்லை இருப்பதால் அனுமதி பெற்ற பகுதிகளைத் தாண்ட வேண்டாம். அடையாள அட்டையை எப்போதும் உடன் வைத்திருங்கள்.

எல்லாவற்றிற்கும் மேலாக, உள்ளூர் வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளுங்கள். அந்தக் கூலி அவர்கள் வீட்டு அடுப்பை எரிக்கும். உங்கள் உயிரையும் காக்கும். பாலைக்குத் தனியே போகலாம். அங்கே தனித்து வாழ்ந்தவர் எவருமில்லை. ஒருவர் வெட்டிய தொட்டியில் மற்றவர் குடிக்கிறார். ஒருவர் காத்த புல்லில் மற்றவரின் ஆடு மேய்கிறது. பயணம் முழுவதும் பிறர் அளந்து தந்த நீரைக் குடித்தே நானும் நடந்தேன்.

நமது பாலாறு

நந்தி மலையில் பிறந்து 348 கி.மீ. ஓடும் பாலாறு, அதில் 222 கி.மீ. தமிழ்நாட்டில் பாய்கிறது. குடியாத்தம் நடுவே வரும் கௌண்டின்ய ஆறும் பாலாற்றின் துணையாறே. 2021 நவம்பரில் இரு ஆறுகளும் பெருக்கெடுத்து ஓடியதை நாம் மறக்கவில்லை. அன்று வந்த வெள்ளம் கடலுக்குப் போய்விட்டது. அடுத்த கோடையில் மீண்டும் குடங்களோடு நின்றோம்.

தோல் கழிவுநீரால் நம் நிலத்தடி நீர் கெட்டது குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் புகழ்பெற்ற தீர்ப்பை வழங்கியது. மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டமாக உறுதி செய்த தீர்ப்பு அது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. எனினும் மண்ணில் இறங்கிய உப்பு எளிதில் நீங்குவதில்லை. இத்தொழில் நம் பகுதியில் ஆயிரமாயிரம் குடும்பங்களுக்குச் சோறிடுகிறது. அதை இழிவுபடுத்துவது நோக்கமன்று. உப்பை உதறியெடுத்துத் தனியே சேர்ப்பதும், கழிவுநீரை முழுமையாகச் சுத்திகரிப்பதும், தொழிலையும் ஊரையும் ஒருசேரக் காக்கும் வழிகள்.

2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அன்று அமைத்த குழாய்களும் குழிகளும் எத்தனை வீடுகளில் இன்று உயிரோடு இருக்கின்றன? பள்ளிவாசல்களின் அகன்ற மேல்தளங்களில் விழும் மழையைச் சேர்த்தாலே ஹவுளுக்கு எத்தனை நாள் நீர் கிடைக்கும்? ஜமாஅத்தினர் கூடி ஒரு மாலைப் பொழுதில் கணக்கிட்டுப் பார்க்கக்கூடிய செய்தி இது. ஆண்டுக்கு 200 மி.மீ. மழையைக் கொண்டு அவர்கள் குடும்பம் நடத்துகிறார்கள். 900 மி.மீ. பெறும் நாம் வரும் மழைக்காலத்திற்கு முன் நம் வீட்டுக் கூரையையும், அதிலிருந்து இறங்கும் குழாயையும் ஒருமுறை பார்த்துச் சீர் செய்துகொள்வோமாக.